டிஎம்பி102 சென்சாருக்கு லினக்ஸ் டிவைஸ் டிரைவர்: கம்பியிலிருந்து கெர்னல் வரை முழுமையான வழிகாட்டி

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டி ஒரு கோல்ட் ரூம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உள்ளே மைனஸ் 18 டிகிரி நிலைக்க வேண்டும், மைனஸ் 15-க்கு ஏறினால் அலாரம் அடிக்க வேண்டும். வெளியே பேனல் பெட்டியில் ஒரு ராஸ்பெர்ரி பை 4 போர்டு, உள்ளே ஒரு டிஎம்பி102 வெப்பநிலை சென்சார், இரண்டுக்கும் நடுவே 2 மீட்டர் கேபிள். இந்த ஒரே வேலையை வைத்து, ஒரு பெரிஃபெரலும் (தனி வேலை ஒன்றைச் செய்யும் வன்பொருள் பகுதி) அதை இயக்கும் மென்பொருளான டிரைவரும் எப்படிச் சேர்ந்து இயங்குகின்றன என்பதை அடியிலிருந்து பார்ப்போம். கீழ்ப்படி சரியாக இருக்கிறது என்று நிரூபித்துவிட்டுத்தான் மேல்படிக்குப் போக வேண்டும். சி கோடில் இரவெல்லாம் தேடுகிற பிழை பெரும்பாலும் ஸ்க்ரூ டெர்மினலில்தான் இருக்கும்.

கட்டளைகளும் ஃபங்ஷன் பெயர்களும் இங்கே உச்சரிப்பில் தரப்பட்டுள்ளன. டைப் செய்யும்போது ஆங்கிலத்தில், அன்டர்ஸ்கோர் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டு டிரைவர்கள், ஒன்றல்ல

டிஎம்பி102 டிரைவர் எந்தக் கம்பியையும் தொடுவதில்லை. முதலில் புரியவேண்டியது இதுதான். பை 4-இன் பிசிஎம்2711 சிப்புக்குள் ஐ2சி (இரண்டு கம்பியில் சிப்புகள் பேசும் முறை) கன்ட்ரோலர் என்று தனியாக ஒரு பெரிஃபெரல் இருக்கிறது. ஹெக்ஸ் (பதினாறடிமான எண்) எஃப்இ804000 என்ற முகவரியில் அதன் ரெஜிஸ்டர்கள் (சிப்புக்குள் உள்ள சிறு நினைவிடங்கள்) மெமரியாகவே தெரியும். அங்கே எழுதினால் பின் 3, பின் 5-இல் மின்னழுத்தம் ஏறி இறங்கும். அதைச் செய்வது ஐ2சி பிசிஎம்2835 என்ற கன்ட்ரோலர் டிரைவர், அது லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலோடு ஏற்கெனவே வருகிறது.

நாம் எழுதப்போவது அதற்கு மேலே உட்காரும் கிளையன்ட் டிரைவர். "48-ஆம் முகவரிக்காரரிடம் 0-ஆம் ரெஜிஸ்டரிலிருந்து 2 பைட் வாங்கிக் கொடு" என்று கெர்னலின் பொது ஐ2சி பகுதியான ஐ2சி கோரிடம் சொல்வதோடு அதன் வேலை முடிந்தது. இதனால்தான் அதே டிரைவரை ஒரு வரி மாற்றாமல் பீகிள்போனிலும் ஓட்ட முடிகிறது. போர்டு மாறினால் கன்ட்ரோலர் டிரைவரும், வன்பொருள் விவரப் பட்டியலான டிவைஸ் ட்ரீயும் மாறும், கிளையன்ட் டிரைவர் மாறாது.

அது சரி, இதற்கெல்லாம் டிரைவர் தேவையா? நிமிஷத்துக்கு ஒருமுறை ஒரு சென்சாரைப் படித்து ஃபைலில் எழுதுவதுதான் வேலை என்றால் தேவையில்லை. சாதாரண புரோகிராம்கள் ஐ2சியைத் தொட உதவும் ஐ2சி டெவ் வழியாகப் பைத்தான் ஸ்கிரிப்ட் ஒன்றே போதும். சென்சார் தானாகக் குரல் கொடுக்கும்போது உடனே எழ வேண்டும், ஒரே சென்சாரை நாலு புரோகிராம்கள் படிக்க வேண்டும், மற்ற கெர்னல் பகுதிகளோடு சேர வேண்டும் என்றால்தான் டிரைவர். டிஎம்பி102-க்கு கெர்னலிலேயே டிரைவர் இருப்பதும் உண்மைதான். உற்பத்திக்கு அதையே பயன்படுத்துங்கள். கற்பதற்கும், டேட்டாஷீட் மட்டும் கையிலிருக்கும் வேறொரு சிப்புக்கு எழுதுவதற்கும் இங்கே சொல்லும் வழி உதவும்.

பொருட்களும் வயரிங்கும்

பை 4 போர்டு, 5.1 வோல்ட் 3 ஆம்பியர் சப்ளை, டிஎம்பி102 மாட்யூல் ஒன்று, கேட் 5இ கேபிள் 2 மீட்டர், 10 கிலோஓம் ரெசிஸ்டர் ஒன்று, மல்டிமீட்டர். முடிந்தால் 8 சேனல் லாஜிக் அனலைசர் ஒன்றும் வாங்குங்கள். விலை மலிவான 24 மெகாஹெர்ட்ஸ் வகையே போதும். ரிச்சி தெருவில் எல்லாம் கிடைக்கும். மாட்யூல் வாங்கும்போது சிப்பின் டேட்டாஷீட்டைப் பார்த்துவிடுங்கள்: டிஎம்பி102-இன் சப்ளை 1.4 முதல் 3.6 வோல்ட் வரைதான். 5 வோல்ட் கொடுத்தால் சிப் போய்விடும், கூடவே பையின் பின்களும் போகலாம். பையின் ஜிபிஐஓ (பொதுப் பயன்பாட்டுப் பின்) எதுவும் 5 வோல்ட் தாங்காது.

இணைப்பு இப்படி: பின் 1 (3.3 வோல்ட்) சப்ளைக்கு, பின் 6 கிரவுண்டுக்கு, பின் 3 எஸ்டிஏவுக்கு (டேட்டா லைன்), பின் 5 எஸ்சிஎல்லுக்கு (கிளாக் லைன்). எல்லை தாண்டினால் குரல் கொடுக்கும் சென்சாரின் அலர்ட் காலைப் பின் 13-க்கு, அதாவது ஜிபிஐஓ 27-க்கு. அலர்ட் ஓப்பன் டிரெய்ன் வகை. அது லைனைக் கீழே இழுக்கும், மேலே தள்ளாது. எனவே 10 கிலோஓமை அலர்ட்டுக்கும் 3.3 வோல்ட்டுக்கும் நடுவே போடுங்கள். ஏடிடி0 காலைக் கிரவுண்டில் கட்டினால் முகவரி ஹெக்ஸ் 48. சப்ளையில் கட்டினால் 49, எஸ்டிஏவில் 4ஏ, எஸ்சிஎல்லில் 4பி.

கேபிளில் எல்லாரும் செய்யும் தவறு, எஸ்டிஏவையும் எஸ்சிஎல்லையும் ஒரே முறுக்கு ஜோடியில் விடுவது. கிளாக் துடிக்கும் ஒவ்வொரு முறையும் டேட்டா லைனில் அது ஏறும். எஸ்டிஏவைக் கிரவுண்டோடு ஒரு ஜோடியாகவும், எஸ்சிஎல்லை 3.3 வோல்ட்டோடு இன்னொரு ஜோடியாகவும் விடுங்கள். கேட் 5இ மீட்டருக்கு ஏறக்குறைய 50 பைக்கோஃபாரட், 2 மீட்டருக்கு 100. ஐ2சி அனுமதிப்பது 400 வரை. எனவே 100 கிலோஹெர்ட்ஸில் பயமில்லை. 10 மீட்டர் தூரம் என்றால் ஐ2சியை விட்டுவிட்டு டிஎஸ்18பி20 சென்சாருக்கோ ஆர்எஸ்485 இணைப்புக்கோ போய்விடுங்கள். பிலிப்ஸ் 1982-இல் ஐ2சியை உருவாக்கியது ஒரே போர்டுக்குள் இருக்கும் சிப்புகள் பேசுவதற்காக, கட்டிடத்துக்குள் ஓடுவதற்காக அல்ல.

புல்அப் (லைனை மேலே இழுத்து வைக்கும் ரெசிஸ்டர்) கணக்கும் தேவை. பையில் எஸ்டிஏ, எஸ்சிஎல் இரண்டிலும் 1.8 கிலோஓம் ஏற்கெனவே இருக்கிறது. மாட்யூல்களில் பெரும்பாலும் 4.7 அல்லது 10 கிலோஓம் கூடுதலாக இருக்கும். சிப்புகள் லைனை 0.4 வோல்ட்டுக்குக் கீழே இழுக்க 3 மில்லி ஆம்பியர்தான் உத்தரவாதம். 3.3-இலிருந்து 0.4 போக 2.9 வோல்ட்டை 3 மில்லி ஆம்பியரால் வகுத்தால் 967 ஓம். மொத்தப் புல்அப் அதற்குக் கீழே போகக்கூடாது. 4.7 கிலோஓம் உள்ள மாட்யூல் இரண்டு சேர்த்தால் மொத்தம் 1.02 கிலோஓம், தப்பிக்கலாம். மூன்றாவது சேர்ந்தால் 838 ஓம். அதற்குப் பிறகு ஒரு நாள் வேலை செய்யும், ஒரு நாள் செய்யாது. மூன்றாவது மாட்யூலின் ரெசிஸ்டரைக் கழற்றிவிடுங்கள்.

காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் உப்புக்காற்று தாமிரத்தை விடாது. முறுக்கிச் சொருகிய வயரில் பச்சை பூத்து இணைப்பு ரெசிஸ்டன்ஸ் ஏறும். டின் பூசிய ஃபெர்ரூல் அடித்து இறுக்குங்கள். அறைக்குள் போகும் மாட்யூலுக்கு கன்ஃபார்மல் கோட்டிங் இரண்டு முறை பூசி, கேபிள் நுழையும் இடத்தைச் சிலிகானால் அடையுங்கள். கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் ஈரக்காற்று உள்ளே போய்ச் சென்சார் மேல் பனியாகப் படியும். பூச்சு இல்லாத போர்டில் அந்த ஈரமே எஸ்டிஏவுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே பாலமாகிவிடும்.

டிரைவர் எழுதும் முன் கையால் படித்துப் பாருங்கள்

பூட் ஃபோல்டரிலுள்ள கான்ஃபிக் டாட் டிஎக்ஸ்டி ஃபைலில் டிடிபேரம், ஐ2சி ஆர்ம் ஆன் என்ற வரியைச் சேர்த்து ரீபூட் செய்யுங்கள். முதலில் மல்டிமீட்டர்: சும்மா இருக்கும்போது பின் 3, பின் 5 இரண்டும் 3.3 வோல்ட் காட்ட வேண்டும். பூஜ்யம் காட்டினால் ஷார்ட், அல்லது பாதிப் பேச்சில் நின்றுபோன சென்சார் லைனைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. பின்னதுக்கு ரீபூட் போதாது, பவரையே எடுத்துவிட்டுக் கொடுக்க வேண்டும்.

பிறகு, பஸ்ஸில் எந்த முகவரிகள் பதில் தருகின்றன என்று காட்டும் ஐ2சி டிடெக்ட் கட்டளையை மைனஸ் ஒய் 1 என்று ஓட்டினால் கட்டத்தில் 48 தெரியும். தெரிந்தாலும் அது டிஎம்பி102-தான் என்று நம்பிவிடாதீர்கள். ஏடிஎஸ்1115, பிசிஎஃப்8591 போன்றவையும் 48-இல் உட்காரும். டிஎம்பி102-இல் அடையாள ரெஜிஸ்டர் கிடையாது. ஆனால் பவர் வந்ததும் 1-ஆம் ரெஜிஸ்டரில் 60ஏ0 இருக்கும் என்று டேட்டாஷீட் சொல்கிறது. ஐ2சி கெட் கட்டளையைக் கொண்டு அதை வேர்டாக (2 பைட்) படித்தால் திரையில் ஏ060 என்று வரும். பைட்டுகள் இடம் மாறியிருப்பதைக் கவனியுங்கள். ஐ2சியை ஒட்டிய எஸ்எம்பஸ் முறையில் கீழ் பைட் முதலில் வரும், டிஎம்பி102 மேல் பைட்டை முதலில் அனுப்பும். இந்த ஒரு விஷயம் பின்னால் பெரிய தலைவலியாக வரும்.

டிவைஸ் ட்ரீ: யார் எங்கே இருக்கிறார்

யூஎஸ்பி பென் டிரைவைச் சொருகினால் அது தன் நிறுவன எண்ணையும் பொருள் எண்ணையும் தானே சொல்லும். ஐ2சி சிப்புக்கு அந்த வாய் இல்லை. அதனால் எந்த பஸ்ஸில், எந்த முகவரியில், எந்த இன்டரப்ட் (சிபியூவை உடனே அழைக்கும் சிக்னல்) காலோடு இருக்கிறது என்பதை டிவைஸ் ட்ரீயில் நாம்தான் எழுதிக் கொடுக்க வேண்டும்.

ஓவர்லே (டிவைஸ் ட்ரீயில் சேர்க்கும் கூடுதல் பகுதி) ஃபைலில் ஐ2சி ஆர்ம் நோடுக்குக் கீழே ஒரு சென்சார் நோடு. அதில் காம்பேடிபிள், ரெக் ஹெக்ஸ் 48, இன்டரப்ட் பேரன்டாக ஜிபிஐஓ, இன்டரப்ட்ஸ் 27 மற்றும் 3. அந்த 3 என்பது ஏறும் விளிம்பு, இறங்கும் விளிம்பு இரண்டும். 1 ஏறும்போது மட்டும், 2 இறங்கும்போது மட்டும், 8 என்றால் லைன் கீழே இருக்கும்வரை. ஏன் 8 வேண்டாம் என்பது இன்டரப்ட் பகுதியில் வரும். டிடிசி கருவியை மைனஸ் அட் தெரிவோடு ஓட்டி டிடிபிஓ ஃபைலாக்கி ஓவர்லேஸ் ஃபோல்டரில் போடுங்கள். பழைய டிடிசி பதிப்புகளில் அந்தத் தெரிவை விட்டுவிட்டால் ஐ2சி ஆர்ம், ஜிபிஐஓ போன்ற லேபிள்கள் தீராது, ஓவர்லே ஏறாது.

காம்பேடிபிள் பெயரில் ஒரு பொறி இருக்கிறது. காற்புள்ளிக்கு முன்னால் உங்கள் பெயரைப் போட்டுப் பின்னால் டிஎம்பி102 என்றே விட்டால், கெர்னல் முன்பகுதியை வெட்டிவிட்டு மீதியை ஐ2சி ஐடி பட்டியலில் தேடும். கெர்னலோடு வந்த டிரைவர் ஏற்கெனவே ஏறியிருந்தால் முந்திக்கொண்டு சென்சாரைப் பிடித்துக்கொள்ளும். அப்போது உங்கள் ப்ரோப் (டிவைஸ் பொருந்தியதும் கெர்னல் அழைக்கும் ஃபங்ஷன்) எழவே எழாது, லாகிலும் எந்தப் பிழையும் இருக்காது. காற்புள்ளிக்குப் பின்னால் கோல்ட்டெம்ப் என்று வேறு பெயர் வையுங்கள்.

டிவைஸ் ட்ரீ எழுதாமலே சோதிக்கவும் வழி உண்டு: ஐ2சி 1-இன் சிஸ்எஃப்எஸ் (கெர்னல் விவரங்களை ஃபைல்களாகக் காட்டும் இடம்) ஃபோல்டரில் நியூ டிவைஸ் என்ற ஃபைலில் காற்புள்ளிக்குப் பின்னாலுள்ள அந்தப் பெயரையும் முகவரியையும் எழுதினால் போதும். இன்டரப்ட் மட்டும் இந்த வழியில் கிடைக்காது.

கெர்னல் மாட்யூலைக் கட்டுவது

இனி மாட்யூல் என்பது சென்சார் மாட்யூல் அல்ல, கெர்னலில் ஏற்றும் டிரைவர் ஃபைல். யூநேம் மைனஸ் ஆர் காட்டும் கெர்னலுக்கு உரிய ஹெட்டர்கள் தேவை. பதிப்பு ஒரு எண் மாறினாலும், மாட்யூலை ஏற்றும் இன்ஸ்மாட் கட்டளை "இன்வாலிட் மாட்யூல் ஃபார்மட்" என்று திருப்பி அனுப்பும். 32 பிட் ஓஎஸ் போட்ட பை 4-இல் கெர்னல் மட்டும் 64 பிட்டாக ஓடுவது உண்டு. கம்பைலர் 32 பிட், கெர்னல் 64 பிட், பில்டு நின்றுவிடும். 64 பிட் ஓஎஸ்ஸையே போடுவது நல்லது. பழைய பாடங்களைப் பார்த்து எழுதினால் இன்னொரு சிக்கல்: 6.3 முதல் வந்த கெர்னல்களில் ஐ2சி டிரைவரின் ப்ரோப் ஒரே ஒரு ஆர்க்யுமென்ட்தான் வாங்கும், ரிமூவ் எதையும் திருப்பித் தராது.

டிரைவரின் எலும்புக்கூடு சின்னதுதான். ஒரு ஐ2சி டிரைவர் ஸ்ட்ரக்ட், அதில் பெயர், ஆஃப் மேட்ச் டேபிள், ப்ரோப். கடைசியில் மாட்யூல் ஐ2சி டிரைவர் மேக்ரோ. மாட்யூல் ஏறும்போது பஸ் தன்னிடமுள்ள டிவைஸ்களின் காம்பேடிபிளை டேபிளோடு ஒப்பிடும், பொருந்தினால் ப்ரோப்பை அழைக்கும். மாட்யூல் டிவைஸ் டேபிள் வரியை மறந்தால் இன்ஸ்மாடில் வேலை செய்யும், ரீபூட்டுக்குப் பிறகு தானாக ஏறாது.

ப்ரோப்புக்குள் வரிசை முக்கியம்

முதலில் 1-ஆம் ரெஜிஸ்டரைப் படியுங்கள். எதிர்மறை எண் வந்தால் அதையே திருப்பிவிடுங்கள். பையில் மைனஸ் 121 என்றால் சென்சார் பதிலளிக்கவில்லை, மைனஸ் 110 என்றால் பஸ் தொங்கிவிட்டது. எண் வந்தால், கடைசி 4 பிட் பூஜ்யமா, ஆர்1, ஆர்0 பிட்டுகள் இரண்டும் 1-ஆ என்று பாருங்கள். இல்லையென்றால் அங்கே வேறு சிப் இருக்கிறது, நோ டிவைஸ் என்று விலகுங்கள்.

அடுத்து கான்ஃபிகரேஷனில், அதாவது அதே 1-ஆம் ரெஜிஸ்டரில், ஹெக்ஸ் 7860 எழுதுங்கள். விநாடிக்கு ஒரு அளவீடு, வரிசையாக 6 அளவீடு எல்லை தாண்டினால்தான் அலர்ட். ஆள் கதவைத் திறந்து ஒரு பெட்டியை எடுத்துவிட்டு மூடுவதற்கெல்லாம் அலாரம் அடித்தால் இரண்டே நாளில் யாராவது அலாரத்தைக் கழற்றிப் போட்டுவிடுவார்கள். 6 விநாடியும் குறைவு என்று பட்டால் மேலே மென்பொருளில் கூட்டிக்கொள்ளலாம். மேல் எல்லை ரெஜிஸ்டர் 3-இல் எஃப்100, அது மைனஸ் 15. கீழ் எல்லை ரெஜிஸ்டர் 2-இல் எஃப்000, அது மைனஸ் 16. எழுதியதும் 35 மில்லி விநாடி காத்திருங்கள். முதல் அளவீடு முடியும்வரை வெப்பநிலை ரெஜிஸ்டரை நம்ப முடியாது.

பிறகு லாக், டேட்டா ஸ்ட்ரக்ட், ஹெச்டபிள்யூமான் (வெப்பநிலை போன்ற அளவீடுகளுக்கான கெர்னல் பகுதி) பதிவு. இன்டரப்ட் கேட்பது கடைசியில்தான். கேட்ட அதே கணம் அது அடிக்கலாம். அப்போது ஹேண்ட்லர் (இன்டரப்ட் வந்தால் ஓடும் ஃபங்ஷன்) தொடும் பாயின்டர் காலியாக இருந்தால் கெர்னல் அங்கேயே விழும். எல்லாவற்றுக்கும் டெவ்எம் வகை ஃபங்ஷன்களையே எடுங்கள். மாட்யூல் இறங்கும்போது பதிவானதற்குத் தலைகீழ் வரிசையில் அவை தாமே விடுவிக்கும், கடைசியாகக் கேட்ட இன்டரப்ட் முதலில் போகும். ஹெச்டபிள்யூமான் பெயரில் ஹைஃபன் வைக்காதீர்கள், பதிவு செய்யும்போதே எச்சரிக்கை வரும்.

எண்ணை டிகிரியாக்குவது

டிஎம்பி102 தருவது 12 பிட், ஒவ்வொரு படியும் 0.0625 டிகிரி. 16 பிட் இடத்தில் இடது பக்கம் ஒட்டி வரும். 31.5 டிகிரி என்றால் 504 படி, ஹெக்ஸில் 1எஃப்8, ரெஜிஸ்டரில் 1எஃப்80. இதைச் சாதாரண எஸ்எம்பஸ் ரீட் வேர்ட் டேட்டாவால் படித்தால் 801எஃப் வரும். அதைக் குறியுள்ள எண்ணாக எடுத்தால் ஏறக்குறைய மைனஸ் 127.9 டிகிரி. மே மாதத்து ராயபுரத்தில் இப்படி ஒரு எண் வந்தால் உடனே சந்தேகம் வரும், நல்லது. ஆபத்தானது 25 டிகிரி: 1900 என்பது 0019 ஆகி 0.06 டிகிரி காட்டும். குளிரறையில் அது உண்மை மாதிரியே இருக்கும்! ரீட் வேர்ட் ஸ்வாப்டு என்ற ஃபங்ஷனை எடுத்தால் பைட் இடமாற்றம் தீர்ந்தது.

இனி மைனஸ். மைனஸ் 18 என்றால் மைனஸ் 288 படி, ரெஜிஸ்டரில் ஈஈ00. இதைக் குறியில்லாத 16 பிட்டில் வைத்து 4 இடம் வலது தள்ளினால் 3808 படி, அதாவது 238 டிகிரி. மேஜையில் வைத்துச் சோதிக்கும்போது எல்லாம் சரியாக இருக்கும், கோல்ட் ரூமில் வைத்ததும் அடுப்பு வெப்பம் காட்டும். எஸ்16 என்று குறியுள்ள வகைக்கு மாற்றிவிட்டுத் தள்ளுங்கள். கெர்னலுக்குள் தசமப் புள்ளி எண் கிடையாது. ஆயிரத்தால் பெருக்கி 16-ஆல் வகுத்தால் மில்லி டிகிரி, ஹெச்டபிள்யூமான் கேட்பதும் அதுவே. மைனஸ் 288-க்கு மைனஸ் 18000 வரும்.

ரெக்மேப் (ரெஜிஸ்டர்களைப் படிக்க, எழுத உதவும் கெர்னல் பகுதி) வழியாக எழுதினால் ரெஜிஸ்டர் 8 பிட், மதிப்பு 16 பிட், பிக் எண்டியன் (மேல் பைட் முதலில்) என்று சொல்லிவிட்டால் இடமாற்றம் தானே நடக்கும். ஆனால் கேஷை ஆன் செய்திருந்தால் வெப்பநிலை ரெஜிஸ்டரை வொலடைல் (தானே மாறுவது) என்று குறித்தே ஆக வேண்டும். மறந்தால் முதல் அளவீடே நாள் முழுக்க நிற்கும். கம்ப்ரஸர் நின்றுபோய் மீன் கெட்டாலும் திரையில் மைனஸ் 18 அசையாது.

இன்டரப்ட்

அலர்ட் லைன் கீழே போனதும் ஜிபிஐஓ கன்ட்ரோலர் சிபியூவை எழுப்பும், முதல் ஹேண்ட்லர் ஓடும். அங்கே தூங்கக்கூடாது. ஐ2சி பரிமாற்றமோ தூங்கும், ஏனென்றால் பைட் போய்ச் சேரும்வரை காத்திருக்க வேண்டும். முதல் ஹேண்ட்லரிலேயே சென்சாரைப் படித்தால் லாகில் "ஷெட்யூலிங் வைல் அட்டாமிக்" என்று கொட்டும். எனவே டெவ்எம் ரிக்வெஸ்ட் த்ரெடட் ஐஆர்க்யூ எடுத்து, முதல் ஹேண்ட்லரை நல் என்று விட்டு, ஒன்ஷாட் கொடி போட்டு, வேலையை த்ரெட் ஹேண்ட்லரில் வையுங்கள். ஒன்ஷாட் இல்லாமல் முதல் ஹேண்ட்லரை நல் என்று விட்டால் கெர்னல் அந்த வேண்டுகோளையே மறுத்துவிடும்.

இப்போது அந்த 8. டிஎம்பி102 பவர் வந்ததும் கம்பேரேட்டர் முறையில் இருக்கும். வெப்பநிலை மைனஸ் 16-க்குக் கீழே இறங்கும்வரை அலர்ட் லைன் கீழேயே கிடக்கும். லெவல் இன்டரப்ட் கேட்டிருந்தால் ஹேண்ட்லர் முடிந்ததும் லைன் இன்னும் கீழே, மறுபடி ஹேண்ட்லர், மறுபடி. ப்ராக் இன்டரப்ட்ஸ் ஃபைலில் அந்த வரியின் எண் பார்க்கப் பார்க்க ஓடும், போர்டு மந்தமாகும். இரு விளிம்பும் கேட்டால், ஏறியபோது ஒன்று, இறங்கியபோது ஒன்று. ஹேண்ட்லருக்குள் லைனின் தற்போதைய நிலையைப் படித்து எது என்று முடிவு செய்யுங்கள், எண்ணிக்கையை நம்பாதீர்கள். ஒரு விஷயத்தை மறக்க வேண்டாம்: டிரைவர் ஏறும்போதே அறை சூடாக இருந்து அலர்ட் முன்பே கீழே போயிருந்தால் விளிம்பே வராது. இன்டரப்ட் கேட்டவுடன் ஒருமுறை லைனைப் படித்துவிடுங்கள்.

கம்ப்ரஸரின் கான்டாக்டர் (மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்ச்) விழும் ஒவ்வொரு முறையும் பொய் இன்டரப்ட் வந்தால் கோடில் டிலே போட்டு மறைக்காதீர்கள். கான்டாக்டர் காயிலுக்குக் குறுக்கே 100 ஓமும் 0.1 மைக்ரோஃபாரட்டும் தொடராக, மெயின்ஸுக்கு உரிய எக்ஸ் வகை கப்பாசிட்டரோடு, எலெக்ட்ரீஷியனை வைத்துப் போடுங்கள். சென்சார் கேபிளைப் பவர் கேபிள் டிரேயிலிருந்து பிரித்து விடுங்கள்.

இடத்தில் சோதிப்பது

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடை. அறைகள் காலியாகக் கிடக்கும் அந்த 61 நாளில் பொருத்துவது வசதி, வெயிலும் உச்சத்தில் இருப்பதால் கடுமையான சோதனையும் ஆகும்.

டிரைவர் ஏறியதும் ஐ2சி டிடெக்டில் 48 இருந்த இடத்தில் யூயூ என்று வரும். கெர்னல் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். இனி ஐ2சி கெட் "பிஸி" என்று மறுத்தால் அது பிழை அல்ல. ஹெச்டபிள்யூமான் ஃபோல்டரின் எண் பூட்டுக்குப் பூட்டு மாறலாம், அதனால் அப்ளிகேஷனில் எண்ணை எழுதாமல் நேம் ஃபைலைப் படித்துத் தேடுங்கள். சென்சாரை ஐஸ் தண்ணீர்ப் பையில் வைத்தால் பூஜ்யத்தைச் சுற்றி வழக்கமாக அரை டிகிரிக்குள், அதிகபட்சம் 2 டிகிரிக்குள் நிற்க வேண்டும்.

கடைசியாக, ஓடிக்கொண்டிருக்கும்போதே எஸ்டிஏ வயரைக் கழற்றுங்கள். டெம்ப்1 இன்புட் ஃபைலைப் படித்தால் பிழைதான் வர வேண்டும். பழைய மைனஸ் 18 வந்தால் டிரைவர் எங்கோ கடைசி மதிப்பைச் சேமித்து அதையே திருப்பித் தருகிறது, அந்த வரியைத் தேடி எடுங்கள். வயரை மீண்டும் மாட்டினால் மாட்யூலை இறக்கி ஏற்றாமலே அடுத்த வாசிப்பு சரியாக வர வேண்டும். பிறகு சென்சாரின் 3.3 வோல்ட்டைக் கழற்றி மாட்டுங்கள். இப்போது சிப் தன் எல்லைகளை மறந்து 80, 75 என்ற ஆரம்ப மதிப்புக்குப் போயிருக்கும். வாசிப்பு சரியாக வரும், அலாரம் மட்டும் ஒருபோதும் அடிக்காது. இதைப் பிடிக்க, ஒவ்வொரு முறை வெப்பநிலையைப் படிக்கும்போதும் ரெஜிஸ்டர் 3-ஐயும் சேர்த்துப் படியுங்கள். ரெக்மேப் கேஷ் ஆனில் இருந்தால் இந்த வாசிப்பு கேஷைத் தாண்டிச் சிப்பிடமே போக வேண்டும். எஃப்100 இல்லையென்றால் ப்ரோப்பில் எழுதிய மூன்று ரெஜிஸ்டர்களையும் திரும்ப எழுதி, லாகில் ஒரு எச்சரிக்கை வரி விடுங்கள்.